முதற் சோறு

மனித வரலாற்றை எழுதுவோர் அரசர் முடிசூடிய நாளையும் போர் நிகழ்ந்த களத்தையும் குறித்துவைக்கத் தவறுவதில்லை. ஆயின், மனிதர் ஒவ்வொருவருடைய வாழ்விலும் ஒருமுறையே வரும் மற்றொரு நாள் அவ்வேடுகளில் இடம்பெறுவது அரிது. தாய்ப்பாலொன்றையே அறிந்த குழவியின் வாயில் முதன்முதலாகச் சோறு படும் நாளே அது. அந்த நாள் எப்பொழுது வரவேண்டும்? அன்று தொடங்கி ஊட்டப்படும் உணவு எத்தகையதாய் இருத்தல் வேண்டும்? இவ்விரு வினாக்களுக்கும் மனித குலம் கண்ட விடைகள் எண்ணிறந்த குழந்தைகளின் உயிரோடு பிணைந்தவை.

முதல் வினாவுக்குப் பாரத நாட்டுப் பழைய நூல்கள் தெளிவாக விடை கூறின. ஆசுவலாயன கிருகிய சூத்திரமும் மனுதரும சாத்திரமும் அன்னப்பிராசனம் என்னும் சடங்கை ஆறாம் மாதத்தில் விதித்தன. சுசுருத சங்கிதை என்னும் மருத்துவ நூலும் அதே மாதத்தில் இலேசானதும் இதமானதுமான அன்னத்தை ஊட்டுமாறு பணித்தது. உரோமாபுரியில் கி. பி. இரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மருத்துவம் புரிந்த சொரானஸ் என்னும் கிரேக்கரும் இதையொத்த கருத்தினரே. பிறந்து நாற்பது நாளான சிசுவுக்குத் தானிய உணவு கொடுக்க விரைந்தோரை அவர் கண்டித்தார். ஆறு மாதத்துக்கு முன் உடல் அதற்கு உறுதி பெறாது என்றும், அதன் பின்னர் பாலிலோ தேன்கலந்த நீரிலோ நனைத்த அப்பத் துணுக்குகளையும், நாளடைவில் கூழையும் முட்டையையும் கொடுக்கலாமென்றும் எழுதிவைத்தார்.

தூர தேசங்கள் இரண்டின் நூல்கள் ஒரே பருவத்தைச் சுட்டியது வியப்புக்குரியதன்று. குழந்தையின் உடலே அந்நாளை அறிவிக்கின்றது. ஆறு மாத அளவில் தலை நிமிர்ந்து நிற்கின்றது, பிடித்திருக்க அமர்கின்றது, பல் அரும்பத் தொடங்குகின்றது, பிறர் உண்பதைப் பார்த்துக் கை நீட்டுகின்றது. கருவிலிருக்கையில் தாயிடமிருந்து பெற்றுச் சேமித்த இரும்புச் சத்தும் அக்காலத்திலேயே குறைந்துவிடுகின்றது. அதற்குமேல் தாய்ப்பால் வேண்டியதாயினும், அது மட்டுமே போதியதாகாது.

ஈழத்து வழக்கங்களும் இப்பருவத்தைப் போற்றியுள்ளன. யாழ்ப்பாணத்தார் நல்ல நாள் பார்த்துக் குழந்தைக்குச் சோறு தீத்துவர். பல் அரும்பியதும் தேங்காய்ச் சொட்டுகளைப் பல்லைப் போலப் பதித்த கொழுக்கட்டைகளை அவித்து, குழந்தையின் தலைமீது வெண்துணி விரித்துச் சொரிவர். பல்லுக்கொழுக்கட்டை என்னும் இவ்விழா இன்றும் நிகழ்கின்றது. சிங்கள மக்களும் சுபவேளை குறித்துப் பாற்சோறு ஊட்டுவர். குழந்தை பாலிலிருந்து சோற்றுக்கு மாறுவதை உற்றாரனைவரும் கூடியிருந்து பார்க்கவேண்டிய செய்தியாக முன்னோர் கருதினர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்விடயத்தில் இரசாயன அறிவும் வாணிகமும் புகுந்தன. யேர்மனிய இரசாயன அறிஞர் லீபிக் 1865ஆம் ஆண்டளவில் கோதுமை மா, முளைத்தானிய மா, பசுப்பால் ஆகியன கொண்டு ஒரு குழந்தை உணவை வகுத்தார். 1867ஆம் ஆண்டில் சுவிற்சர்லாந்திலுள்ள வெவே நகரில் ஹென்றி நெஸ்லே பால், மா, சீனி மூன்றும் சேர்ந்த உணவொன்றைச் செய்து விற்றார். தாயற்ற சிசுக்களுக்கு இவை உதவியது உண்மையே. ஆயினும் ஊட்டும் காலத்தைப் பற்றிய தெளிவு குலைந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க வைத்தியர் பலர் ஓராண்டு நிறையுமுன் திடவுணவு வேண்டாமென்றனர். அரை நூற்றாண்டு செல்லுமுன், 1953ஆம் ஆண்டில், அந்நாட்டு வைத்தியரான வால்டர் சாக்கெற் என்பவர் பிறந்த இரண்டாம் மூன்றாம் நாளிலேயே தானியக் கூழ் கொடுக்கலாமென எழுதினார். ஒரு தலைமுறை அறிவென்று கொண்டதை மறுதலைமுறை தலைகீழாக்கியது.

இரண்டாவது வினாவின் கொடுமையை உலகுக்கு உணர்த்தியவர் சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் வைத்தியர். பொற்கரை எனப்பட்ட இன்றைய கானா நாட்டில் அவர் பணிபுரிந்தபோது, கைகால் வீங்கி, தோல் உரிந்து, தலைமயிர் நிறம்வெளிறிய குழந்தைகள் பலரைக் கண்டார். அடுத்த பிள்ளை உண்டானதும் தாய்ப்பால் நிறுத்தப்பட்டு, சோளக் கஞ்சியொன்றையே உண்டு வளர்ந்த குழந்தைகள் அவர்கள். வயிறு நிறைந்தது, உடலை வளர்க்கும் புரதம் கிடைக்கவில்லை. 1933ஆம் ஆண்டில் அந்நோயை அவர் விவரித்தார். அடுத்த குழந்தையின் வரவால் தாய்மடி இழந்த பிள்ளையின் நோய் என்னும் பொருளில் அந்நாட்டுக் கா மொழியினர் வழங்கிய குவாசியோக்கர் என்னும் பெயரையே 1935ஆம் ஆண்டில் மருத்துவ உலகுக்கும் அளித்தார். அறிஞர் காணுமுன்னரே அந்நோயின் காரணத்தை அந்நாட்டுத் தாய்மார் ஒரு சொல்லில் அடக்கியிருந்தனர்.

பின்னர் உலகம் பழைய விடைக்கே மெல்ல மெல்லத் திரும்பிற்று. 1979ஆம் ஆண்டில் செனீவா நகரிற் கூடிய நிபுணர்கள் நான்கு முதல் ஆறு மாதத்துள் மேலுணவு தொடங்கலாமென்றனர். 2001ஆம் ஆண்டில் உலக சுகாதாரப் பேரவை ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே என்றும், அதன்பின் தாய்ப்பாலோடு தக்க மேலுணவும் வேண்டுமென்றும் தீர்மானித்தது. சுசுருதரும் சொரானஸும் காட்டிய அதே பருவம் ஆய்வுகளின் துணையோடு மீண்டும் நிலைபெற்றது.

இலங்கை இவ்விரு வினாக்களில் முதலாவதில் நன்கு தேறியுள்ளது. 2016ஆம் ஆண்டின் தேசியக் குடிசன சுகாதார அளவீட்டின்படி, ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 82 பேர் தாய்ப்பால் மட்டுமே பெற்றனர். வீடு தேடிச் செல்லும் மருத்துவமாதருக்கு இப்பெருமையிற் பெரும்பங்குண்டு. ஆனால் அதே அளவீட்டில், ஐந்து வயதுக்குட்பட்டோரில் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். நூற்றுக்கு 15 பேர் உயரத்துக்கேற்ற நிறையின்றி மெலிந்திருந்தனர். பாலூட்டும் காலத்திற் காத்த குழந்தையைச் சோறூட்டும் காலத்தில் நழுவவிடும் நிலை இதிற் புலனாகின்றது. இக்குறையை நீக்கவே 1973ஆம் ஆண்டில் சோளமும் சோயாவும் சேர்ந்த திரிபோஷா மா வழங்கத் தொடங்கப்பெற்றது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் சோளம் கிடையாது அதன் உற்பத்தி தடைப்பட்டபோது, அதனை நம்பியிருந்த ஏழை வீடுகளே முதலில் வருந்தின.

குழந்தையின் இரைப்பை சிறிது. நீர்த்த கஞ்சி அதனை விரைவில் நிரப்பிவிடும், வளர்ச்சிக்கு உதவாது. கரண்டியிலிருந்து வழிந்தோடாத பதத்தில் மசித்த சோறு, அதனோடு பருப்பு, கீரை, முட்டை அல்லது முள் நீக்கிய மீன் என்பனவே வேண்டப்படுவன. தொடக்கத்தில் நாளொன்றுக்கு இரண்டு மூன்று முறையும், ஒன்பதாம் மாதம் முதல் மூன்று நான்கு முறையும் ஊட்டுதல் நன்று. இவற்றோடு பொறுமையும் வேண்டும். நெய்ச்சோற்றைக் கையால் அளைந்து மேனியெங்கும் பூசிக்கொள்ளும் குழந்தையில்லாத வாழ்வு பயனற்றதென்று புறநானூற்றிற் பாடினான் பாண்டியன் அறிவுடை நம்பி. சிந்துவதும் சிதறுவதும் குழந்தை உண்ணக் கற்கும் வழியென்பது இன்றைய வைத்தியரும் கூறுவதே.

முதற் சோற்றை நல்ல நாளில் ஊட்டுவதற்கு இந்நாட்டு மக்கள் தவறுவதில்லை. மறுநாளும் அதற்கடுத்த நாளும் அக்கிண்ணத்தில் என்ன இருக்கின்றது என்பதிலேயே குழந்தையின் வளர்ச்சி தங்கியுள்ளது. அதனை நிறைக்கும் பொறுப்புத் தாய்க்கு மட்டும் உரியதன்று. தாயின் கையில் அரிசியும் பருப்பும் முட்டையும் கிடைக்கச் செய்யவேண்டிய குடும்பத்துக்கும், ஊருக்கும், அரசுக்கும் அப்பொறுப்பு உரியதாகும்.