கடலடியில் ஒரு கருவி போதாது

காரைக்குடியில் கடல் இல்லை. ஆனால், கடலில் மூழ்குவோரின் கருவிகளுக்கு ஆற்றல் தரும் மின்கலத்தையும், உலோகத்தை அரிக்கும் உப்புநீரையும் ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இங்குதான் இருக்கிறது. வள்ளல் அழகப்பர் வழங்கிய நிலத்தில், 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய நிறுவனம் அது. அவ்வூரைச் சேர்ந்த நான், ஸ்கூபா முறையில் மூழ்கப் பழகியபோது கற்ற முதல் பாடமும் மின்கலம் பற்றியதே. 18 மீட்டர் ஆழத்தில் என் மணிக்கட்டுக் கணினியின் திரை திடீரென அணைந்தது. புறப்படுமுன் மின்கலத்தின் அளவைப் பார்க்காதது என் பிழை. மற்றொரு கையில் இருந்த கடிகாரமும் தனி ஆழமானியுமே என்னைப் பதறாமல் மேலேற்றின.

ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் திசுக்களில் கரைகிறது. விரைந்து மேலேறினால், திறந்த சோடா புட்டிபோல் அது குமிழ்களாக வெளிப்படும். மூட்டுவலி முதல் பக்கவாதம் வரை நேரலாம். படிப்படியாக நின்று ஏறும் அட்டவணையை, ஆடுகளைக் கொண்டு ஆராய்ந்து 1908-இல் வெளியிட்டவர் ஹால்டேன். இன்றைய டைவ் கம்ப்யூட்டர், அதே அடிப்படையிலான கணக்கை நொடிதோறும் போடுகிறது. ஆனால், அது கணிப்பது ஒரு மாதிரி உடலை. நம் வயதையும் களைப்பையும் அது அறியாது.

எனவே, வாங்குவோர் விலைக்கும் தோற்றத்துக்கும் முன்பாகச் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். மங்கிய நீரிலும் எண்கள் தெளிவாகத் தெரிய வேண்டும். கணக்கிடும் முறை வெளிப்படையாகவும், பாதுகாப்பு வரம்பைக் கூட்டக்கூடியதாகவும் இருக்க வேண்டும். மின்கலம் எளிதில் மாற்றத்தக்கதா, மின்னேற்றம் செய்வதா என்பதையும் அறிய வேண்டும்.

வழியில் நின்று ஏறவேண்டிய ஆழ்மூழ்கலுக்கு இரண்டாவது கணினி ஆடம்பரமன்று. அது முதல் கணினியின் அதே கணக்கு முறையில் இயங்குவதும், ஒவ்வொரு மூழ்கலிலும் உடன் வருவதும் அவசியம். பெட்டியிலிருந்து புதிதாக எடுத்த கருவியோ, நண்பரிடம் இரவல் பெற்றதோ, முந்தைய மூழ்கலில் நம் உடலில் தேங்கிய நைட்ரஜனை அறியாது. இரு கருவிகளும் முரண்பட்டால், அதிக நேரம் நிற்கச் சொல்வதையே ஏற்க வேண்டும். இரண்டும் பொய்த்தால் உதவ, ஆழமானி, கடிகாரம், நீரில் கரையாத பலகையில் எழுதிய ஏறுதிட்டம் ஆகியவை கைவசம் இருக்க வேண்டும். நின்று ஏறுவதற்குப் போதிய காற்று இல்லையேல் எந்தக் கணினியும் காக்காது. மாற்று உருளையும் மாற்று மூச்சுக்குழாயும் திட்டத்தின் பகுதிகளே.

பொழுதுபோக்காக மூழ்கும் நமக்கு இத்தனை காப்புகள். தூத்துக்குடியில் படகிலுள்ள கம்ப்ரசர் குழாயைக் கவ்விச் சங்கு குளிப்போரோ, பெரும்பாலும் அனுபவக் கணக்கை நம்பியே இறங்குகின்றனர். அந்தக் கணக்கு தவறினால் உடலே விலை தருகிறது. ஆழமானியும் கடிகாரமும் எளிய ஏறு அட்டவணையும் அவர்கள் கைகளுக்குச் சேர்வதே, மூழ்குகருவி பற்றிய பேச்சின் முதல் பயனாக இருக்க வேண்டும்.