எதை விடுவது என்னும் கணக்கு

ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்தின் மேல் புள்ளி பெரும்பாலும் இராது. எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் எழுத்தில் தெரியா. புள்ளி குத்தினால் ஓலை பொத்துவிடும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். எழுதாமல் விட்டதைப் படிப்பவர் தம் மொழியறிவால் நிரப்பிக்கொள்வார் என்ற நம்பிக்கையே அவ்வழக்கத்தின் அடிப்படை. நிரப்ப இயலாத இடங்களில் பாடவேறுபாடுகள் பிறந்தன. ஓடும் படத்தைத் தொலைபேசிக் கம்பி வழியே அனுப்ப முயன்ற பொறியாளர்கள் முன் நின்ற கேள்வியும் ஏறத்தாழ இதுவே: எதை விட்டால் காண்பவர் உணரமாட்டார், எதை விட்டால் பொருளே கெடும்? இன்று ஓர் இலக்கியக் கூட்டத்தை நேரலையாக அனுப்புபவர் மென்பொருளில் 'பிட்ரேட்' என்ற கட்டத்தில் ஓர் எண்ணை இடுகிறார். அந்த எண்ணுக்குப் பின்னால் அரை நூற்றாண்டு வரலாறு இருக்கிறது.

பிட்ரேட் என்பது ஒரு நொடியில் அனுப்பப்படும் பிட்டுகளின் எண்ணிக்கை. அகலத்தில் 1920, உயரத்தில் 1080 புள்ளிகள் கொண்ட படத்தை எடுத்துக்கொள்வோம். புள்ளி ஒன்றுக்கு 24 பிட்டுகள், நொடிக்கு 30 படங்கள். பெருக்கினால் நொடிக்கு ஏறத்தாழ 149 கோடி பிட்டுகள் வரும். இந்த அளவுப் படத்துக்கு நேரலையாளர்கள் பலர் ஒதுக்குவதோ 60 லட்சம் பிட்டுகள்தாம். அதாவது 250-இல் ஒரு பங்கு. எஞ்சியவற்றில் ஒரு பகுதி, முன்பே சொல்லப்பட்டதைத் திரும்பச் சொல்லாமையால் மிச்சமாவது. மற்றொரு பகுதி மெய்யாகவே இழக்கப்படுவது.

அந்த இழப்பை நெறிப்படுத்தியதில் பெங்களூரில் பிறந்த நசீர் அகமதுக்குப் பெரும்பங்கு உண்டு. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவர், 1972-இல் கொசைன் உருமாற்றம் குறித்த ஆய்வுக்குத் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார். கருத்து மிக எளிமையாக இருக்கிறது என்பது மதிப்பீட்டாளர்களின் எண்ணம், நிதி கிடைக்கவில்லை. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை 1974-இல் வெளியாயிற்று. இம்முறையைக் கையாளும்போது படம் சிறு சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றிலும் மெல்ல மாறும் ஒளியும் நுணுக்கமான வேறுபாடுகளும் தனித்தனி எண்களாக மாற்றப்படுகின்றன. முன்னதைக் கண் கூர்ந்து கவனிக்கும். பின்னதில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளும். ஆகவே பின்னவற்றுக்குரிய எண்களைத் தாராளமாக முழுமைப்படுத்திவிடலாம். பிட்ரேட்டைக் குறைக்கக் குறைக்க இந்த முழுமைப்படுத்தல் முரடாகிறது. ஓர் எல்லைக்குக் கீழே போனால் பேச்சாளரின் முகத்தில் சதுரம் சதுரமாகத் திட்டுகள் தோன்றும்.

எவ்வளவு விடுவது என்பதை அக்காலத்தில் முடிவு செய்தது படமன்று, பாதை. மனிதக் குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டுகளால் குறித்தால் 64,000 பிட்டுகள் ஆகும். எண்முறைத் தொலைபேசித் தடத்தின் அளவு இதுவே. 1988-இல் உருவான எச்.261 என்னும் தரம் நிகழ்படத்துக்கு வகுத்த அளவுகளும் இதன் மடங்குகளே, ஒன்று முதல் முப்பது வரை. முந்தைய படத்துக்கும் அடுத்த படத்துக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் அனுப்புவது, அவ்வேறுபாட்டைக் கொசைன் உருமாற்றத்தால் சுருக்குவது என்று அத்தரம் சேர்த்துவைத்த இரண்டு உத்திகளும் இன்றளவும் வழக்கில் உள்ளன. 1993-இல் வந்த விசிடியின் படத்துக்கு நொடிக்கு 11.5 லட்சம் பிட்டுகள் என வரையறுத்ததற்கும் காரணம் இசைத்தட்டு சுழலும் வேகமே. ஒரு தட்டில் 74 நிமிடம் அடங்கியது. நம் வீடுகளில் ஒரு திரைப்படத்தை இரண்டு மூன்று தட்டுகளாக மாற்றி மாற்றிப் பார்த்தோமே, அது அந்தக் கணக்கின் விளைவு.

அதே 1993-ஆம் ஆண்டு ஜூன் 24 அன்று, கலிஃபோர்னியாவின் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்திலிருந்து 'சிவியர் டயர் டேமேஜ்' என்ற இசைக்குழுவின் நிகழ்ச்சி இணையத்தில் நேரலையாகச் சென்றது. படம் மிகச் சிறியது. விட்டு விட்டு நகர்ந்தது. ஆயினும் ஆஸ்திரேலியாவில் இருந்தவர்கள் அதைக் கண்டார்கள். 2003-இல் எச்.264 வந்து, ஏறத்தாழப் பாதி பிட்டுகளில் முன்னைய தரத்தை எட்டியது. 2009-இல் ஆப்பிள் அறிமுகப்படுத்திய எச்எல்எஸ், ஒரே நிகழ்ச்சியைப் பல பிட்ரேட்டுகளில் வைத்து, காண்பவரின் இணைப்புக்கு ஏற்ற ஒன்றைத் தேர்ந்துகொள்ளும் முறையைப் பரவலாக்கியது.

இவ்வாறு நெடுங்காலம் பொறியாளர் குழுக்கள் செய்துவந்த தேர்வு, இன்று கணினிமுன் அமர்ந்திருக்கும் தனிமனிதரின் கைக்கு வந்திருக்கிறது. கைக்கு வந்ததும் பெரும்பாலோர் செய்வது, இயன்ற மட்டும் பெரிய எண்ணை இடுவது. தரம் என்றால் கூர்மை என்று எண்ணிவிடுகிறோம். 2020 மார்ச் மாதம் இந்த எண்ணத்துக்கு ஒரு சோதனை வந்தது. ஊரடங்கில் இணையம் நெரியும் என்றஞ்சிய ஐரோப்பிய ஒன்றியத்தின் வேண்டுகோளை ஏற்று நெட்ஃபிளிக்ஸ் தன் பிட்ரேட்டுகளைக் குறைத்தது. இந்தியாவிலும் கைபேசி இணைப்புகளில் 480 வரிகளுக்கு மேற்படாத படத்தையே அனுப்புவதென ஒளிபரப்பு நிறுவனங்கள் ஏப்ரல் 14 வரை ஒப்புக்கொண்டன. படம் சற்று மங்கியது. எல்லோரும் பார்க்க வேண்டும் என்பது அப்போது முதன்மையாயிற்று.

இக்கணக்கை நம் கூட்டங்களுக்குப் போட்டுப் பார்க்கலாம். நாளொன்றுக்கு ஒன்றரை ஜிபி பெறும் ஒரு மாணவி, நொடிக்கு 60 லட்சம் பிட்டுகள் வீதம் வரும் நேரலையைக் கண்டால் 33 நிமிடத்தில் அவளுடைய அன்றைய பங்கு தீர்ந்துவிடும். தலைமையுரைகூட முடிந்திராது. அதே நேரலை 10 லட்சம் பிட்டுகளில் வந்தால் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாங்கும். எல்லாத் தளங்களும் எல்லா நேரலைக்கும் பல பிட்ரேட்டுகளை உருவாக்கித் தருவதில்லை என்பதால், நாம் இடும் எண்ணே அவளுக்கு வாய்த்த ஒரே எண்ணாகவும் ஆகிவிடக்கூடும்.

கிரிக்கெட்டுக்கும் நடனத்துக்கும் பிட்டுகள் மிகுதியாக வேண்டும். ஒவ்வொரு படமும் முந்தையதிலிருந்து வெகுவாக மாறும். இலக்கியக் கூட்டத்தில் அசையாத சுவர், ஒலிவாங்கி, அசையும் ஒரு முகம் ஆகியவை மட்டுமே. 480 வரிப் படத்துக்கு 10 லட்சம், 720 வரிப் படத்துக்கு 20 முதல் 25 லட்சம் என்பதே போதும். குறைந்த பிட்டுகளைப் பெரிய படத்தில் பரப்புவதைவிடப் படத்தையே சிறிதாக்குவது நல்லது. அரங்கின் பதிவேற்ற வேகத்தை அளந்து, அதில் பாதிக்கு மேல் போகாதிருந்தால் நடுவில் அறுபடும் வாய்ப்புக் குறையும். முழுப் படத்தை இரண்டு நொடிக்கு ஒருமுறை அனுப்பினால் இடையில் வந்து சேர்பவர் காத்திருக்க நேராது. ஒலிக்கு 1,28,000 பிட்டுகளை ஒதுக்கிவிட வேண்டும். அது 20 லட்சத்தில் பதினாறில் ஒரு பங்குதான். அதில் சிக்கனம் பார்க்கலாகாது. முகம் மங்கினால் காண்பவர் நிரப்பிக்கொள்வார். சொல் விழுந்துவிட்டால் அதை நிரப்ப வழியில்லை.