மாமாவின் விரல்களும் மரம் அறுக்கிற மிஷினும்

மார்கழி மாசம் காலையில செம்மேட்டு டீக்கடையில நின்னா எதிர்ல நிக்கிற ஆள் முகமே பனியில சரியா தெரியாது. அந்த நேரத்துல எங்க மாமா டீ டம்ளரை ரெண்டு கையாலயும்தான் வாங்குவார். குளிருக்குத்தான்னு ரொம்ப வருஷமா நினைச்சிருந்தேன். போன மார்கழியில டம்ளர் கைநழுவி விழுந்தப்பதான் கையை உத்துப் பார்த்தேன். இடது கையில நடுவிரலும் மோதிர விரலும் நுனியிலிருந்து பாதி வரைக்கும் சுண்ணாம்பு தடவின மாதிரி வெளுத்திருந்தது.

"மரத்துப் போச்சு மாப்ள. வெயில் ஏறினா சரியாயிடும்" என்றார்.

மாமா இருபது வருஷத்துக்கு மேல மரம் அறுக்கிறவர். எங்க தோட்டத்துல மிளகுக்கொடி ஏறாத சில்வர் ஓக் மரங்களை அறுத்ததும் அவர்தான். இப்ப அவர் பையன் அதே தொழிலுக்கு வர்றான். "பெரிய மிஷினா வாங்கிடலாம்னு இருக்கேன், நீங்க என்ன சொல்றீங்க?" என்று என்னிடம் கேட்டான். பதில் சொல்ல இந்த மிஷினோட சரித்திரத்தையே கொஞ்சம் தோண்ட வேண்டியதாப் போச்சு.

முதல்ல ஒரு விஷயம் சொன்னா நம்ப மாட்டீங்க. சங்கிலி வாள் மரத்துக்காகப் பிறந்ததே இல்லை. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில ஸ்காட்லாந்துல ஜான் எய்ட்கன், ஜேம்ஸ் ஜெஃப்ரேன்னு ரெண்டு டாக்டர்கள் எலும்பு அறுக்கப் பயன்படுத்தின சின்னக் கைக்கருவி அது. மரத்துக்கு அது வர நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. 1926ல ஜெர்மனியில ஆண்ட்ரியாஸ் ஸ்டில் செஞ்ச மின்சார வாள் 48 கிலோ. அடுத்த வருஷம் எமில் லெர்ப் என்பவர் தன்னோட பெட்ரோல் வாளை டோல்மார்ங்கிற மலையில சோதிச்சுப் பார்த்து, அந்த மலை பேரையே மிஷினுக்கு வச்சார். அது 58 கிலோ. ஒரு சிப்பம் சிமெண்டை ரெண்டு பேர் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு மரம் அறுக்கிற மாதிரி நினைச்சுக்குங்க.

ரெண்டு பேர்ங்கிறதுதான் முக்கியம். மாமா தொழில் கத்துக்கிட்டதும் அப்படித்தான். அவங்க அப்பா ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம், நடுவுல நீள ரம்பம். "இழுக்கணும், தள்ளக் கூடாது. தள்ளினா வாள் வளையும், எதிர்ல இருக்கிறவனுக்கும் கோபம் வரும்" என்பார். அதுல களைப்பு உண்டு, ஆனா அதிர்வு கிடையாது. களைச்சா ரெண்டு பேரும் சேர்ந்து நிப்பாட்டி வெத்தலை போட்டுக்கலாம்.

1950ல ஸ்டில் கம்பெனி ஒரே ஆள் பிடிக்கிற பெட்ரோல் வாளைக் கொண்டு வந்தது, 16 கிலோ. 1959ல வந்த 'கான்ட்ரா'வுல கியர் பெட்டியே இல்லை. 12 கிலோதான், வேகமோ பல மடங்கு. துப்பாக்கிப் பட்டறையா 1689ல ஆரம்பிச்ச சுவீடன் நாட்டு ஹஸ்க்வர்னாவும் அதே 1959லதான் முதல் செயின்சாவை விட்டது. இதுக்கு நடுவுல, 1947ல, அமெரிக்காவுல ஜோசப் காக்ஸ்னு ஒரு மரம்வெட்டி, மரத்தைக் குடையிற வண்டுப்புழு இடமும் வலமுமா மாறி மாறிக் கடிச்சுப் போறதைப் பார்த்து, சங்கிலிப் பல்லை அதே மாதிரி செஞ்சார். இன்னைக்கு நம்ம ஊர்ல ஓடுற சங்கிலிப் பல்லும் அந்த வம்சம்தான். தென்னை வச்சிருக்கிறவங்க வண்டைத் திட்டத்தான் திட்டுவோம். அந்த ஆள் அதுகிட்ட பாடம் படிச்சிருக்கார்.

எடை குறைஞ்சது, வேகம் கூடினது. ஆனா ரெண்டு பேர் பங்கு போட்ட வேலை மொத்தமும் ஒரே ஆள் கைக்கு வந்துடுச்சு. 1960களில் ஜப்பான்ல காட்டு வேலைக்காரங்களுக்குக் குளிர் காலத்துல விரல் வெளுத்து மரத்துப் போக ஆரம்பிச்சது. விடாத அதிர்வால விரல்ல இருக்கிற சின்ன ரத்தக் குழாயும் நரம்பும் கெட்டு, குளிர் பட்டதும் ரத்தம் ஓடாம நின்னுடுது. அங்க அரசு வனத்துறையில செயின்சா பிடிக்கிறது நாளுக்கு ரெண்டு மணி நேரம்தான்னு கட்டுப்பாடே வந்தது. கம்பெனிகளும் முழிச்சுக்கிட்டு, கைப்பிடிக்கும் இன்ஜினுக்கும் நடுவுல ரப்பரும் ஸ்பிரிங்கும் வச்சு அதிர்வைத் தடுக்க ஆரம்பிச்சாங்க. 1970களின் தொடக்கத்துல, வாள் எகிறி முகத்துக்கு வந்தா சங்கிலியை நிறுத்துற பிரேக்கும் சேர்ந்தது.

மாமா கதைக்கு வர்றேன். சென்னைக்காரங்களுக்கு 2016 டிசம்பர் வர்தா ஞாபகம் இருக்கும். தெருவுக்குத் தெரு செயின்சா சத்தம் கேட்டிருப்பீங்க. எங்களுக்கு அது 2018 நவம்பர் 16, கஜா. டெல்டாவுல தென்னை மொத்தமும் சாஞ்சு கிடந்தப்ப இங்கிருந்து ஆளுங்க மிஷினோட பட்டுக்கோட்டைப் பக்கம் போனாங்க. மாமாவும் போனார். விடிஞ்சதிலிருந்து இருட்டுற வரை, நாற்பது நாள். தென்னை வெளிப்பக்கம் இரும்பு, வேர்ப்பக்கம் மண்ணு; ஒரு மரத்துக்கே பல் மழுங்கிடும். மழுங்கின சங்கிலியை அழுத்தி அறுத்தா அதிர்வு இன்னும் கூடும். அங்க வெக்கையில கைக்கு ஒண்ணும் தெரியல. மார்கழியில மலையேறி வந்தப்பதான் முதல்முதலா விரல் வெளுத்ததாம். இதை அவர் போன மாசம்தான் சொன்னார்.

மிஷினும் அந்தப் பயணத்துல செத்துப் போச்சு. அதுக்குக் காரணம் எழுபது கொண்டை ஊசி வளைவு! நாங்க இருக்கிறது ஆயிரம் மீட்டருக்கு மேல, காத்து கீழ இருக்கிறதைவிட பத்துல ஒரு பங்கு கம்மி. காரவள்ளி அடிவாரத்துல நல்லா ஓடுற மிஷின் மேல வந்தா பெட்ரோல் அதிகமாகி இருமும், புகையும். அதுக்காகக் கார்புரேட்டர் திருகைக் கொஞ்சம் முறுக்கி பெட்ரோலைக் குறைப்போம். அதே மிஷினை அப்படியே கீழ கொண்டு போனா காத்து கூடிப்போய், பெட்ரோல் பத்தாம, பெட்ரோலோட வர்ற ஆயிலும் பத்தாம பிஸ்டன் சூடேறிப் பிடிச்சுக்கும். மாமாவுக்கு அதுதான் நடந்தது.

அதனால மச்சானுக்கு நான் சொன்ன கணக்கு இது. 70 சிசி பெரிய மிஷின் 4 கிலோவாட்டுக்குப் பக்கத்துல சக்தி தரும்; எடை 6 கிலோவுக்கு மேல. அதுவும் கேட்லாக்ல போடுறது வெறும் இன்ஜின் எடைதான். பாரும் சங்கிலியும் மாட்டி, பெட்ரோலும் ஆயிலும் ஊத்தினப்புறம் சரிவுல ஒத்தைக் காலை ஊனி நின்னு பிடிச்சுப் பார்த்தாத்தான் தெரியும். பெரிய பலா மரத்தைத் துண்டு போடத் தினமும் போறவனுக்கு அது சரி. இங்க வேலை முக்காவாசி சில்வர் ஓக். அதுக்கு 50 சிசி போதும். ஸ்டில் எம்.எஸ். 261, ஹஸ்க்வர்னா 550 எக்ஸ்பி ரெண்டுமே 3 கிலோவாட்டை ஒட்டித்தான், எடையும் 5 கிலோவைச் சுத்தித்தான். ரெண்டுலயும் காத்துக்குத் தக்க பெட்ரோலைத் தானே சரி பண்ணிக்கிற கார்புரேட்டர் வச்ச மாடல் உண்டு. மலைக்கும் கீழுக்கும் அலையிறவனுக்கு அதுதான் பெரிய வசதி. இதுல எது உசத்தின்னு கடைவீதியில சண்டை போடுறது வீண். பக்கத்து டவுன்ல எதுக்கு ஸ்பேரும் மெக்கானிக்கும் இருக்கோ அதை வாங்கணும்.

"அப்ப விலை கம்மியா இருக்கிற எம்.எஸ். 250 என்ன குறைச்சல்? அதுவும் 45 சிசி, எடை 4.6 கிலோதானே" என்றான். நல்ல கேள்வி. தோட்டக்காரனுக்கு, வருஷத்துல நாலு நாள் பிடிக்கிறவனுக்கு, என்னைப் போல ஆளுக்கு, அது தாராளமாப் போதும். ஆனா சக்தி 2.3 கிலோவாட். கேட்லாக்ல யாரும் படிக்காத இன்னொரு வரி இருக்கு, அதிர்வு. 250க்கு இடது கைப்பிடியில 5.7, வலதுல 6.8. 261க்கு ரெண்டு பக்கமும் 3.5. கையில பிடிச்சா ஒரே எடை மாதிரிதான் இருக்கும். விரலுக்குப் போறது கிட்டத்தட்ட பாதிதான். தினக்கூலிக்குப் பிடிக்கிறவன் இந்த வரியைத்தான் முதல்ல படிக்கணும். பெட்டி மேல சிசியை மட்டும் பெரிசா அச்சடிச்சு வர்ற பேர் தெரியாத மிஷின்கள்ல இந்த வரியே இருக்காது, கிலோவாட்டும் தேடித்தான் பார்க்கணும்.

உழைப்பு பிடிக்கிறவன் கையில இருக்கு. லிட்டருக்கு 20 மில்லி டூ-டி ஆயில், கண்ணளவு கூடாது. சங்கிலிக்குப் பழைய வண்டி ஆயிலை ஊத்துறதை மாமா தலைமுறையோட விட்டுடணும், பம்ப் அடைச்சுக்கும். ஒவ்வொரு தடவை பெட்ரோல் நிரப்புறப்பவும் அரம் போடணும். தூள் மாவா வந்தா பல் மழுங்கிடுச்சு, செதிலா வந்தா சரியா இருக்கு.

கடைசியில அவன் 50 சிசியே வாங்கினான், கொஞ்சம் முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டுத்தான். போன ஞாயித்துக்கிழமை எங்க தோட்டத்துல விழுந்து கிடந்த ஓக்குல வச்சு ஓட்டிப் பார்த்தோம். மாமாவும் வாங்கி ரெண்டு துண்டு போட்டார். நிப்பாட்டிட்டு, "இது ஓடுறதே கையில தெரியலையே" என்றார். நானும் மச்சானும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம்.

வர்ற வாரம் அவரை நாமக்கல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். கீழ இறங்கினா வெளுப்பு மறைஞ்சிடும், டாக்டர் கண்ணுக்குத் தெரியாது. அதனால இன்னைக்குக் காலையில டீக்கடை வாசல்லயே அவர் கையை போன்ல படம் எடுத்து வச்சிருக்கேன்.