சோதனை எழுத்துருக்களும் தமிழ் எழுத்துக்கோவையும்

மென்பொருள் ஒன்று உரையைத் திரையில் சரியாக வரைகிறதா என்பதை, மக்கள் புழங்கும் எழுத்துருக்களைக் கொண்டு சோதிப்பது எளிதாகத் தோன்றினாலும் அம்முடிவுகளை நம்ப இயலாது. ஏனெனில் அவ்வெழுத்துருக்கள் பதிப்புக்குப் பதிப்பு திருத்தப்படுவதால், இரு சோதனைகளுக்கிடையே தென்படும் வேறுபாடு மென்பொருளின் பிழையால் நேர்ந்ததா, எழுத்துருவின் திருத்தத்தால் நேர்ந்ததா எனப் பிரித்தறிய வழியில்லை. படிப்பதற்கன்றி அளப்பதற்கென்றே உருவாக்கப்படும் எழுத்துருக்கள் இதனாலேயே தேவைப்படுகின்றன.

இவ்வகையில் பெயர்பெற்றது, வலைப்பக்கத் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ் நெறியின் சோதனைகளுக்கென டாட் ஃபாரனர் உருவாக்கிய 'அஹெம்' ஆகும். அதன் வரிவடிவங்களுள், அதாவது எழுத்துருக் கோப்பிலுள்ள தனித்தனி வரைவுகளுள், பெரும்பாலானவை ஒரே அளவுள்ள கருஞ்சதுரங்கள். சதுரத்தின் ஐந்தில் நான்கு பங்கு எழுத்துகள் அமரும் அடிக்கோட்டுக்கு மேலும், ஒரு பங்கு கீழும் நிற்கும். எழுத்தளவை 20 பிக்சலாக வைத்தால் மேலே 16, கீழே 4 என முழு எண்களே கிடைப்பதால், மேல் கீழ் விளிம்புகளில் சாம்பல் நிறம் படியாமல், எதிர்பார்த்த படத்தையும் வரையப்பட்ட படத்தையும் பிக்சல் பிக்சலாக ஒப்பிட முடிகிறது.

வரியுயரத்தையும் பெட்டியளவையும் சோதிக்க இவ்வெளிமை மிகப் பொருத்தமானது. ஆனால் அதே எளிமையைத் தமிழுக்கு அப்படியே எடுத்துக்கொள்வது தவறு. 'கொ' என்பதில் ககரத்துக்குப் பின் சேமிக்கப்படும் ஒகரக்குறியை, எழுத்துகளைக் கோத்து அடுக்கும் மென்பொருளான வடிவமைப்பி இரண்டாகப் பிரித்து, கொம்பை முன்னும் காலைப் பின்னும் வைக்க வேண்டும். மூன்றும் ஒத்த சதுரங்களாயின் கொம்பு இடம் மாறியதா என்பது படத்தில் தெரியவே தெரியாது. அகலங்களை மட்டும் வேறுபடுத்தி, கொம்புக்கு 300, ககரத்துக்கு 1000, காலுக்கு 500 அலகு எனக் கொடுத்தாலும், மொத்த நீளத்தை மட்டும் அளக்கும் சோதனை, வரிசை எவ்வாறிருப்பினும் 1800 என்றே காட்டி ஏமாற்றும். ஆகவே வரிவடிவங்களின் பெயர்களை வரிசை மாறாமல் பதிந்து ஒப்பிடுவதே தக்க முறை. பல உலாவிகள் பயன்படுத்தும் ஹார்ஃப்பஸ் என்னும் வடிவமைப்பியின் சோதனைகள், தேவையான வரிவடிவங்கள் மட்டும் எஞ்சுமாறு குறுக்கிய எழுத்துருக்களைக் கொண்டு இம்முறையையே கையாள்கின்றன.

குறுக்குவதற்கும் ஓர் எல்லை உண்டு என்பதை இங்கு அழுத்திச் சொல்ல வேண்டும். மெய்யின்றி உயிர்க்குறி தனித்து வந்தால், பிழையைக் காட்ட ஹார்ஃப்பஸ் ஒரு புள்ளிவட்டத்தைச் செருகும். ஆயினும் அவ்வட்டத்துக்குரிய வரிவடிவம் எழுத்துருவில் இருந்தால்தான் அது நிகழும். தமிழுக்கு வேண்டியதில்லை எனக் கருதி அதை நீக்கிவிட்ட சோதனை எழுத்துருவில், வட்டம் தவறான இடத்தில் செருகப்படும் பிழை ஒருபோதும் வெளிப்படாது.

எதிர்பார்க்கும் விடையை யார் எழுதுவது என்பதும் இதனோடு இணைந்த கேள்வியே. வடிவமைப்பியை ஒருமுறை இயக்கி, அது தரும் வரிசையையே சரியான விடையாகப் பதிந்துவைக்கும் வழக்கம் வசதியானது என்றாலும், அது பின்னர் நேரும் மாற்றத்தைக் காட்டுமேயன்றித் தொடக்கத்திலேயே இருந்த தவறைக் காட்டாது. எனவே 'கொ', 'கோ', 'கௌ' ஆகியவற்றுக்குரிய வரிசைகளைத் தமிழ் எழுதத் தெரிந்தவர் கையால் எழுதித் தந்த பின்னரே வடிவமைப்பியை இயக்க வேண்டும்.