ரிப்போர்ட்டில் இல்லாத வைரஸ் எங்கே ஒளிந்திருக்கிறது?

1/ "சார், ரிப்போர்ட்ல வைரஸே இல்லன்னு வந்திருக்கு. இன்னும் எதுக்கு மாத்திரை?" ஹெச்.ஐ.வி சிகிச்சையில் இருப்பவர்கள் அடிக்கடி கேட்பது. கூடவே, "இதுக்கு ஊசி வந்துடுச்சாமே?" ரெண்டுக்கும் பதில் ஒண்ணுதான். கொஞ்சம் பின்னாடி போய் ஆரம்பிக்கிறேன். 👇

2/ 1985 கடைசி. இது வெளிநாட்டு நோய், நமக்கு வராதுன்னு நம்பின காலம். சென்னை மருத்துவக் கல்லூரியில் மைக்ரோபயாலஜி படித்துக்கொண்டிருந்த டாக்டர் நிர்மலா செல்லப்பனிடம், இதைத் தேடிப் பார்க்கச் சொன்னார் பேராசிரியர் சுனிதி சாலமன்.

3/ எடுத்த ரத்த மாதிரிகளை வைத்தது வீட்டு ஃபிரிட்ஜில். எலிசா டெஸ்ட் செய்ய ரயிலேறி வேலூர் சி.எம்.சிக்குக் கொண்டுபோனார்கள். ஆறு மாதிரிகள் பாசிட்டிவ். அமெரிக்காவிலும் உறுதியானது. மே 1986-ல் சட்டசபையில் அறிவித்தவர் அமைச்சர் ஹெச்.வி.ஹண்டே.

4/ நோயைக் கண்டுபிடிச்சாச்சு, மருந்து இல்லை. கூட்டு மருந்து சிகிச்சை உலகத்துக்கு வந்தது 1996-ல். நம்ம அரசு இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது 1 ஏப்ரல் 2004. முதல் மையங்களில் தாம்பரமும் ஒன்று. இடைப்பட்ட எட்டு வருஷத்தில் எத்தனை குடும்பங்கள் அழிஞ்சதுன்னு அந்தத் தலைமுறை டாக்டர்களைக் கேளுங்க.

5/ கூட்டு மருந்து வந்ததும் ரத்தத்தில் வைரஸ் தென்படவே இல்லை. சில வருஷத்தில் நோயே ஒழிஞ்சிடும்னு விஞ்ஞானிகளே நம்பினார்கள். 1997-ல் அந்த நம்பிக்கை உடைந்தது. உறங்கும் சிடி4 செல்களுக்குள் வைரஸின் மரபணு பத்திரமாக இருந்தது.

6/ ஆழ்வார்திருநகரி பக்கம் வயல்ல வேலை பார்த்தவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதே இல்லை. கோரைப் புல்லை மேலே வெட்டினா தரை சுத்தமா தெரியும். கிழங்கு மண்ணுக்குள்ள கிடக்கும். ஒரு தண்ணி பாய்ச்சினா போதும், மறுபடி முளைக்கும்.

7/ மாத்திரை, முளைப்பதைத் தடுக்கும். கிழங்கைத் தொடாது. இந்த உறங்கும் செல்கள் பாதியாகக் குறையவே சுமார் 44 மாதம் ஆகும். முழுசா தீர 70 வருஷத்துக்கு மேல் என்பது கணக்கு. அதனால்தான் ஆயுள் முழுக்க மாத்திரை.

8/ சரி, ஊசி? போலியோ தடுப்பூசி தந்த ஜோனாஸ் சால்க், ஏற்கெனவே தொற்று உள்ளவர்களுக்கே தடுப்பூசி போட்டு எதிர்ப்பு சக்தியைத் தூண்டலாம் என்றார். இதுதான் சிகிச்சைத் தடுப்பூசி. அவரது 'ரெம்யூன்' பெரிய சோதனை வரை போனது. பலன் இல்லை என்று 1999-ல் நிறுத்திவிட்டார்கள்.

9/ ஏன் கஷ்டம்? உறங்கும் செல் வைரஸின் புரதம் எதையும் வெளியே காட்டாது. காட்டாத எதிரியை, எவ்வளவு பயிற்சி கொடுத்தாலும் நம்ம படை எப்படி அடிக்கும்? முதலில் அதை எழுப்பணும், பிறகு கொல்லணும். ரெண்டையும் சேர்த்துச் செய்யத்தான் இன்னும் ஆராய்ச்சி நடக்குது.

10/ 2006-ல் சென்னை காசநோய் ஆராய்ச்சி மையத்தில் 32 பேருக்கு ஒரு ஊசி போட்டுச் சோதித்தார்கள். அது தொற்று இல்லாதவர்களுக்கான தடுப்பூசி. பாதுகாப்பானதாக இருந்தது, ஆனால் நடைமுறைக்கு வரவில்லை. ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

11/ மாத்திரையை நிறுத்தினா என்ன ஆகும்? அமெரிக்காவின் மிசிசிப்பியில் ஒரு குழந்தைக்குப் பிறந்த 30 மணி நேரத்திலேயே சிகிச்சை தொடங்கியது. பிறகு மருந்து நின்றது. 27 மாதம் வைரஸ் தென்படவில்லை. குணமாகிடுச்சுன்னு உலகமே கொண்டாடிச்சு. 2014-ல் திரும்ப வந்தது.

12/ அதனால அண்ணாச்சி, அக்கா, ரிப்போர்ட்ல 'இல்லை'ன்னா மாத்திரை வேலை செய்யுதுன்னு அர்த்தம். நோய் போயிடுச்சுன்னு அர்த்தம் இல்லை. அந்த 'இல்லை' நிலைக்கும் பெரிய மதிப்பு உண்டு: அது நீடிக்கிற வரை உடலுறவு மூலம் துணைக்குத் தொற்றாது, நீங்க முழு ஆயுள் வாழலாம்.

13/ குணமாக்கும் பொடி, ஊசின்னு யார் வித்தாலும் மாத்திரையை நிறுத்தாதீங்க. சந்தேகம்னா ஏ.ஆர்.டி மையத்தில் கேளுங்க, இல்லை 1097-க்கு இலவசமா கூப்பிடுங்க. உண்மையான ஊசி வர்ற அன்னைக்கு அதைப் போட்டுக்க நீங்க இருக்கணும். (முற்றும்)