ஓஃபனெக் சொன்னதும் சொல்லாததும்

1965-இல் சுவிட்சர்லாந்தில், ரயில் ஓடாமல் கைவிடப்பட்ட ஓஃபனெக் சுரங்கத்துக்குள் பெட்ரோலைத் தேக்கிக் கொளுத்திப் பார்த்தார்கள். சுரங்கத் தீயை உண்மை அளவிலேயே மூட்டி ஆராய்ந்த தொடக்ககால முயற்சிகளுள் அது முக்கியமானது. மேலிருந்து தெளித்த நீர் தீயை அணைத்தது. ஆனால் சூடேறிய பெட்ரோல் ஆவியாவது நிற்கவில்லை; அந்த ஆவி மறுபடி பற்றி வெடித்தது. சோதனை நேர்மையானது, அதன் கணக்கும் சரி. அதிலிருந்து எடுத்த முடிவுதான் பிழை. ஒரு பக்கம் அடைத்த 190 மீட்டர் சுரங்கத்தில் பெட்ரோல் தேக்கத்துக்கு நேர்ந்ததை எல்லாத் தீக்கும் பொதுவிதியாக்கி, ஐரோப்பா நீர்த்தெளிப்பானைப் பல பத்தாண்டுகள் ஒதுக்கிவைத்தது. ஜப்பானோ 1960-களிலிருந்தே தன் நெடுஞ்சாலைச் சுரங்கங்களில் அதைப் பொருத்திவந்தது.

1999 மார்ச் 24 அன்று மோன் பிளான் சுரங்கத்தில் 39 பேர் இறந்தார்கள். தீப்பிடித்த லாரியில் இருந்தது பெட்ரோல் அல்ல, மார்கரினும் மாவும். ஆபத்தான சரக்கு என்று எந்தச் சட்டமும் அவற்றைப் பட்டியலிடவில்லை. அப்படியானால் சாதாரணச் சரக்கு எவ்வளவு எரியும்? அதுவரை ஒரு சரக்கு லாரித் தீ 20 முதல் 30 மெகாவாட் வெப்பத்தை வெளியிடும் என்று வைத்துத்தான் சுரங்கக் காற்றோட்டம் வடிவமைக்கப்பட்டது. 2003-இல் நார்வேயில், கைவிடப்பட்ட 1.6 கிலோமீட்டர் ருனேஹாமர் சுரங்கத்தில், லாரி அளவுக்கு அடுக்கிய மரப்பலகைத் தட்டுகள், மெத்தைகள், மரச்சாமான்கள், பிளாஸ்டிக் குவளைகள் நிறைந்த அட்டைப்பெட்டிகள் ஆகியவற்றை நான்கு முறை கொளுத்தினார்கள். உச்ச வெப்ப வெளியீடு 66 முதல் 202 மெகாவாட் வரை போனது. கூரையடி வெப்பநிலை 1,300 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. எல்லாம் இருபது நிமிடத்துக்குள். கடைகளுக்கு அன்றாடம் போகும் பொருள்கள்தாம் இவை. அதனால்தான் அந்த எண்கள் அச்சுறுத்துகின்றன.

நீர் தெளித்தால் புகை குளிர்ந்து கீழே இறங்கும், தப்புபவர்களுக்கு வழி மறையும் என்பார்கள். உண்மைதான். ஆனால் 200 மெகாவாட் தீ வளர்ந்த பிறகு வழி தெரிந்தும் பயனில்லை. தீயணைப்பு வீரர்களும் நெருங்க முடியாது. ஜப்பானிலேயே 1979-இல் நிஹோன்சாகா சுரங்கத்தில் தெளிப்பான் இருந்தும் 173 வண்டிகள் எரிந்தனவே என்பதும் நியாயமான கேள்வி. தெளிப்பான் ஒன்றே போதும் என்று நினைப்பதற்கு எதிரான சான்று அது. தெளிப்பானே கூடாது என்பதற்கு அதில் சான்றில்லை. ஜப்பானும் அப்படிப் படிக்கவில்லை. இப்படி உண்மை அளவில் எரித்துப் பார்க்க வேண்டுமா, சிறிய மாதிரியும் கணினியும் போதாதா என்றால், எதை எரிப்பது என்று நாம் கொடுப்பதைத்தான் அவை கணக்கிடும். 30 மெகாவாட்டும் அப்படிக் காகிதத்தில் பிறந்த எண்தான். 2013-இல் அதே ருனேஹாமரில், ஸ்டாக்ஹோம் புறவழிச் சுரங்கங்களுக்காக, சரக்குத் தீயின் மேல் நீரைத் தெளித்துப் பார்த்தார்கள். தீ 50 மெகாவாட்டுக்குள் அடங்கியது.