துண்டு போடுதல்

பெரியகுளத்தில் ஜெயமங்கலம் பக்கம் போகும் பஸ் வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியே ஒரு துண்டு உள்ளே விழும். துண்டு இல்லையென்றால் மஞ்சப்பை, தூக்குவாளி, சில நேரம் குழந்தையே! போட்டவர் ஏறி வரும்வரை அந்த சீட் அவருடையது. யாராவது உட்கார்ந்துவிட்டால் திண்டுக்கல் வரைக்கும் கேட்கும் சண்டைதான்.

சொல்லைப் பார்த்தால், தறியில் நீளமாக நெய்ததைத் துணித்தால் துணி, துண்டித்தால் துண்டு. சங்க காலத்தில் துணிக்கு 'அறு' என்பதிலிருந்து பிறந்த பெயர் அறுவை. சங்கப் புலவர் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் துணி வியாபாரி. இன்றைய அர்த்தத்தில் 'அறுவை' போட்டவர் அல்ல.

துண்டு போடுதலுக்கு இடம்பிடிப்பது என்ற பொருள் பஸ்ஸோடு நிற்கவில்லை. தேர்தல் நெருங்கினால் தொகுதிக்கும் துண்டு விழுகிறது.

ஆனால் பஸ்ஸில் துண்டு டிக்கெட் ஆகாது. கைக்குழந்தையோடு ஒருவர் நின்றால், போட்டவரே துண்டை எடுத்துவிடலாம்.